பதினான்கு முறை வந்தார், ஒரு முறையும் போகவில்லை

1

என்ன நம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யார் மூலமாவது கேள்விப்பட்டுச் சிரிப்பதற்குள் நானே சிரித்துத் தொலைத்துவிடுவது நல்லது. மதுரைத் திருநகரில் என் அப்பா குளியலறைத் தரையில் விழுந்து கிடக்கிறார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுதாக முக்கால் மணி நேரம் நம்பினேன். சொன்னது என் கைபேசி. அந்தக் கைபேசிக்குள் இருந்து அதைச் சொன்ன செயலியை வடிவமைத்தவனும் நான்தான். நான் எழுதிய வாக்கியத்தை நானே படித்து, நானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிராமில் உட்கார்ந்தேன். தன் சாம்பாரைத் தானே ருசி பார்த்து ஆஸ்பத்திரியில் படுத்த சமையல்காரன் யாராவது இருந்தால் என் வலி அவருக்குப் புரியும்.

ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டு விளக்கு, ஃபேன், கதவு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கைபேசியிலிருந்தே பார்க்கவும் இயக்கவும் ஒரு செயலி, அதோடு சேர்ந்து வேலை செய்யும் சின்னச் சின்ன வெள்ளைக் கருவிகள்: இதுதான் எங்கள் நிறுவனத்தின் சரக்கு. நான் கருவி செய்கிறவன் இல்லை. செயலியின் முகத்தைச் செய்கிறவன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஆபத்து என்றால் எந்தச் சிவப்பு என்று தீர்மானிப்பது என் வேலை. அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. பார்ப்பவர் பதறக் கூடாது, அமைதியாக விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கூட்டங்களில் வாதாடினேன். அந்த அமைதியான சிவப்பைப் பார்த்துத்தான் அன்றைக்கு நான் டிராமில் "ஐயோ அப்பா" என்று கத்தினேன். எதிரே இருந்த ஜெர்மன் அம்மாள் தன் நாயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

2

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது.

செயலியை இந்திய மொழிகளில் கொண்டுவருவது என்று நிறுவனம் முடிவு செய்தது. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே தமிழுக்கு நானே புலவன், நானே பரீட்சை அதிகாரி. ஒரு அட்டவணை கொடுத்தார்கள். ஒரு வரிசையில் "வீட்டுக்கு வருகிறவர் சொல்வது", அடுத்த வரிசையில் "வீட்டைவிட்டுப் போகிறவர் சொல்வது". வாசலருகே இருக்கும், மைக் வைத்த ஒலிபெருக்கி அந்தச் சொல்லைக் கேட்டு, ஆள் வந்தாரா போனாரா என்று குறித்துக்கொள்ளும். செருப்பு மாட்டுகிற அவசரத்தில் யாரும் கைபேசியைத் தேடி எடுக்க மாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. யோசனை என்னுடையது. பாராட்டினார்கள்.

வருகிற வரிசையில் "வந்துட்டேன்", "வந்தாச்சு" என்று நிரப்பினேன். நிரப்பும்போது ஊர்ப்பற்று தலைக்கேறிவிட்டது. உலகத்துச் செயலியெல்லாம் செய்தி வாசிக்கிற தமிழ்தானே பேசுகிறது, நம் செயலியாவது மதுரைத் தமிழ் பேசட்டும் என்று, "வாரேன்" என்று ஒன்றைச் சேர்த்தேன். போகிற வரிசையில் "போறேன்", "கிளம்புறேன்". அந்த "வாரேன்" என்ற சொல்லைத் தட்டச்சு செய்தபோது எனக்குப் புல்லரித்தது உண்மை.

நீங்கள் மதுரைப் பக்கம் என்றால் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் வாசலில் நின்று "போறேன்" என்று சொல்ல மாட்டார். போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. பால் வாங்கப் போனாலும் சரி, பம்பாய்க்குப் போனாலும் சரி, கிளம்பும்போது "வாரேன்" என்பதுதான் வழக்கம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் சொன்னேன். ஜெர்மனியில் முதல் குளிர்காலம்வரை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து கிளம்பும்போது எதிர் மேசைக்காரரிடம், புதிதாகக் கற்ற ஜெர்மனில், "நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு, எனக்காக விளக்கைக்கூட அணைக்காமல், அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். மறுநாள் காலை, "எங்கே வந்தாய்?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை, நிஜமான சந்தேகம். வெட்கத்தில், அன்றிலிருந்து போகிறேன், போகிறேன் என்று கண்ணாடி முன் நின்று பழகினேன். பழகியது ஜெர்மன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழும் சத்தமில்லாமல் கூடவே மாறிவிட்டது. அட்டவணையை நிரப்பிய கை அந்த மாறிய கை.

3

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தேன். அப்பாதான் தமிழ்ச் செயலியின் முதல் பயனர் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. அம்மா இறந்து இரண்டு வருஷம். ஒரு நாள் அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது குளியலறையில் விழுந்தாள். அவர் திரும்பி வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அப்பா ஒருவர்தான். ஒரே பிள்ளை நான், மூன்றரை, நாலரை மணி நேர வித்தியாசத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் போனை எடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குளியலறைக்குள் ஒரு தடவை போய்வருவேன்.

அப்பா தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது எழுமலைப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். திருநகர் வீட்டைக் கட்டியபோது தளம், சுவர், பெயிண்ட் எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் விட்டுவிட்டார். வாசல் கதவை மட்டும் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கி அவரே பார்த்து எடுத்தார். கனத்த கதவு, உள்ளிருந்து பூட்டியதா வெளியிலிருந்து பூட்டியதா என்று பார்த்தால் தெரியாத உள்பூட்டு வைத்தது. சாவி ஒன்றுதான், அது எப்போதும் அவர் இடுப்பில்.

கருவிகளை மாட்ட என் பள்ளிக்கூடத் தோழன் சிக்கந்தர் வந்தான். திருநகரில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான். என்னை மாப்ள என்பான், அந்தக் கணக்கில் அப்பா அவனுக்கு மாமா.

"என்னடா இது, கல்யாண வீட்டு மைக்செட்டா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நீங்க வாயால சொன்னாப் போதும், லைட் எரியும்."

"சுவிட்சத் தட்டுனாலும் எரியுதே."

"எந்திரிக்க வேணாம்ல."

"எந்திரிக்காமயே இருக்கதுக்கு நான் எதுக்கு இருக்கேன்?"

ஏணி மேல் நின்ற சிக்கந்தர், "விடுங்க மாமா. இம்புட்டு வருசம் வெளிநாட்டுல இருந்து மாப்ள ஒரு லைட்டப் போடப் படிச்சிருக்கான். போட்டுட்டுப் போகட்டும்" என்றான்.

கேமரா வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதனால் கூடத்திலும் சமையலறையிலும் குளியலறை வாசலிலும் ஆள் அசைவதை மட்டும் உணரும் கருவிகள், கதவில் ஒன்று, வாசலருகே ஒலிபெருக்கி. முதல் நாளே அப்பா அதைப் பார்த்து, "லைட்ட அமத்து" என்றார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது அது. நான் "அணை" என்றுதான் எழுதிவைத்திருந்தேன். அப்பா மூன்று முறை சொன்னார், அது மூன்று முறை மன்னிப்புக் கேட்டது. நாலாவது முறை அவர் எழுந்துபோய் சுவிட்சை அமத்திவிட்டு, "பாவம், மன்னிப்புக் கேட்டே செத்துரும் போல" என்றார்.

கருவிக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடலாம், பிடித்த பெயரைச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கங்காணி."

சிக்கந்தர் சிரித்தான். நானும் சிரித்தேன். ஜெர்மனிக்குத் திரும்பியதும் அதை அலுவலகத்தில் ஒரு படக்காட்சியாகவே போட்டுக் காட்டினேன். தலைப்பு: "பயனர்கள் கருவிக்குச் செல்லப்பெயர் வைக்கிறார்கள்." கைதட்டினார்கள்.

செயலியிலிருந்து வாராவாரம் அறிக்கை வரும். முதல் வாரம் வந்தது இது: "இந்த வாரம் அப்பா 14 முறை வந்தார். 0 முறை போனார்." எதிர் மேசைக்காரரிடம் காட்டினேன். "உங்கள் அப்பா ஜன்னல் வழியாக வெளியே போகிறாரோ?" என்றார். சிறு பிழை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டோம். இரண்டு பேருக்குமே அது சிரிப்பாகத்தான் இருந்தது.

4

அதே மாதங்களில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. அப்பாவை மூன்று மாதமாவது இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் மனைவி தேவியும் முயன்றோம். விசா விண்ணப்பத்தில் ஜெர்மன் அதிகாரிகளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: இந்தப் பெரியவர் திரும்பிப் போவாரா? வீட்டுப் பத்திரம் கொடு, பென்ஷன் தாள் கொடு, திரும்பிப் போவார் என்று கடிதம் கொடு. எழுமலையில் எந்த ஏட்டிலும் பதியாமல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடு. எல்லாவற்றையும் நான் அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"ஏன்டா, நான் வாரதுக்கு முன்னாடியே போயிருவேன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"ஒரு சம்பிரதாயம்ப்பா."

"என் வீட்டுக்கு விருந்தாளி வந்தா, வாசல்ல நிறுத்தி எப்பப் போவன்னா கேக்கேன்? நான் வல்ல. நீங்க வாங்க."

ஐந்து மாதம் கேட்டேன். ஐந்து மாதமும் அதே பதில்.

என் மகள் கயலுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும். பதில் ஜெர்மனில் வரும். தாத்தாவிடம் பேசுவதற்காகப் பத்துப் பதினைந்து தமிழ் வாக்கியங்களைக் கையிருப்பு வைத்திருக்கிறாள், அதில் பாதி "சாப்பிட்டேன்". ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்தபோது, "சரி தாத்தா, நான் போறேன்" என்றாள்.

தாத்தா அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அப்படிச் சொல்லாத ஆத்தா. வாரேன்னு சொல்லு."

கயல் என்னைப் பார்த்தாள். "ஆனா நான் வரலையே? போனைத்தானே வைக்கிறேன்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

அவளுக்குப் போறேன் என்று கற்றுக்கொடுத்தவன் நான். சரியான தமிழ் என்று கற்றுக்கொடுத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றடி தூரத்தில், என் மேசை மேல், அந்த அட்டவணை திறந்தே கிடந்தது. நான் கயலுக்குப் பழக்கவழக்கம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

5

அந்தச் செவ்வாய்க்கிழமை. இங்கே காலை எட்டு மணி பத்து நிமிடம், மதுரையில் பதினொன்று நாற்பது. டிராமில் உட்கார்ந்து செயலியைத் திறந்தேன். சிவப்பு அட்டை. "8:40-க்கு வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருக்கிறார். மூன்று மணி நேரமாக அசைவில்லை."

அப்பாவை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. சிக்கந்தரைக் கூப்பிட்டேன்.

"சொல்லு மாப்ள."

"அப்பா விழுந்துட்டாருடா. வீட்டுக்குள்ள. ஓடு."

"யாரு சொன்னா?"

"ஆப் சொல்லுது."

"ஆப்பா?" ஒரு நொடி யோசித்தான். "சரி வையி, இந்தா வாரேன்."

வைக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வண்டிச் சத்தம், காற்று, பிறகு கேட் திறக்கும் சத்தம்.

"மாமா! மாமோவ்!"

கதவைத் தட்டினான். ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கூடம் மட்டும்தான் தெரிகிறது, ஆள் இல்லை என்றான். பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா வந்துவிட்டார். அவர் போனிலிருந்து அப்பா நம்பருக்கு அடித்தார்கள்.

"மாப்ள, போன் உள்ளதான் அடிக்குது. எனக்கே கேக்குது."

"ஒடைடா கதவ."

"இரு. ஒண்ணு சொல்றேன். மாமா செருப்பக் காணோம்."

"உள்ள வச்சிருப்பாரு."

"உங்கப்பா உள்ள வைக்கிற ஆளா? நம்மளயே படிக்குக் கீழதான கழட்ட வைப்பாரு?"

"டேய், ஆப்ல தெளிவாப் போட்டிருக்குடா. வீட்டில் இருக்கிறார்னு."

"ஆப்பு செருப்பப் பாத்துச்சா?"

அதற்குள் பாக்கியம் அக்கா போனை வாங்கினார். "தம்பி, காலைல நான் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தேன். அண்ணே வெளிய போன மாதிரித்தான் இருந்துச்சு. திரும்பி வந்தாகளான்னுதான் தெரியல."

"வந்துட்டாருக்கா. எட்டு நாப்பதுக்கு வந்துட்டாரு. பதிவாகியிருக்கு."

"பதிவாகியிருக்கா? அப்ப வந்திருப்பாக. நாந்தான் கவனிக்கலயோ என்னமோ."

பாருங்கள், கண்ணால் பார்த்தவர் அவர். நான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி டிராமில் இருக்கிறேன். என் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு அவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுவிட்டார்.

சிக்கந்தர் போனைத் திரும்ப வாங்கினான். "மாப்ள, அது சாதாரணக் கதவு இல்ல. ஒடச்சா ஒடச்சதுதான். நெசமாத்தான் சொல்றியா?"

"அம்மாவுக்கும் இப்படித்தான் லேட்டாச்சு."

அவன் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தான். யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில் டிராமில் டிக்கெட் பரிசோதகர் என் முன்னால் வந்து நின்றார். என் மாத டிக்கெட் அதே கைபேசிக்குள் இருக்கிறது. அழைப்பைத் துண்டித்தால்தான் காட்ட முடியும் என்று அந்தப் பதற்றத்தில் எனக்குப் பட்டது. துண்டிக்க மாட்டேன் என்று தமிழில் சொன்னேன். ஜெர்மன் ஒரு சொல் வரவில்லை. பதினெட்டு வருஷப் படிப்பு. காதுக்குள் மரம் பிளக்கிற சத்தம். அவர் நிதானமாக என் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"மாப்ள."

"சொல்லுடா."

"உள்ள யாருமில்ல."

"பாத்ரூம்?"

"பாத்துட்டேன்."

"கொல்லப்பக்கம்?"

"பாத்துட்டேன்டா. கட்டிலுக்கு அடியிலகூடப் பாத்தாச்சு. போனு மட்டும் சார்ஜுல கெடக்கு."

அப்போது கூடத்தில் நின்ற கூட்டத்தின் அசைவை உணர்ந்து, நான் எழுதிவைத்த வாக்கியத்தை, ஒலிபெருக்கி இனிமையாகச் சொன்னது: "நல்வரவு. விளக்கைப் போடட்டுமா?"

"இத மொதல்ல அமத்துங்கடா" என்றான் சிக்கந்தர். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது.

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு போனுக்குள் கொஞ்சம் தூரத்தில் அப்பாவின் குரல் கேட்டது.

"என்னப்பா கூட்டம்? யாரு செத்தது?"

"யாருமில்ல மாமா" என்றான் சிக்கந்தர்.

அதற்கப்புறம் எனக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம். படிக்குக் கீழே அவர் செருப்பை உதறிக் கழற்றிய சத்தம்.

6

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"சாப்ட்டியா?"

"அப்பா, என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிக்கவும் மன்னிக்கவும்னு அதுதான் சொல்லும். நீ சொல்லாத."

"எங்கப்பா போயிருந்தீங்க?"

"முடி வெட்ட."

வில்லாபுரத்துக்கு. முப்பது வருஷமாக அவருக்கு வெட்டுகிற ஆள் கடையை அங்கே மாற்றிக்கொண்டு போய்விட்டார். இவரும் இரண்டு பஸ் மாறி அங்கேயே போகிறார். கழுத்தில் துணியைச் சுற்றியிருக்கும்போது போன் அடித்தால் எடுக்க முடியாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கிளம்பும்போது என்னப்பா சொன்னீங்க? கதவுகிட்ட நின்னு?"

"என்ன சொல்லுவாக? வாரேன்னுதான்."

"யாருகிட்ட? வீட்ல யாரு இருக்கா?"

கூடத்துச் சுவரில், வாசலைப் பார்த்து, அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. எனக்கு அப்போதுதான் அட்டவணை கண் முன்னால் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை. பதினான்கு முறை வந்தார். ஒரு முறையும் போகவில்லை.

"அதுக்கு ஏன் கங்காணின்னு பேரு வச்சேன், தெரியுமா?" என்று அவரே கேட்டார்.

"பாசமா வச்சீங்கன்னு நெனச்சேன்."

சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார், இருமல் வரும்வரை.

"எழுமலைல எங்க தெரு முக்குல ஒரு ஆளு நிப்பான். வெள்ளென. எவன் வேலைக்குக் கிளம்பிட்டான், எவன் வீட்டுக்குள்ள கெடக்கான், எவன் சந்தைக்குப் போறான்னு பாத்து நெலத்துக்காரக வீட்டுல சொல்லணும். அதான் அவனுக்கு வேல. எங்கய்யா காய்ச்சல்ல கெடந்தாலும் உள்ள வந்து தொட்டுப் பாத்துட்டுத்தான் போவான். எங்களுக்கு ஏது கதவு? ஓலைத் தட்டிதான். கால்ல தள்ளிட்டு வந்துருவான்."

அவரே தொடர்ந்தார்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு நான் வரும்போது தெருவே என் வீட்டுக்குள்ள நின்னுச்சுடா."

அவ்வளவுதான் பேசினார். பிறகு மழை வரும் போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கைதட்டல் வாங்கிய அந்தப் படக்காட்சி நிறுவனத்தின் கோப்புகளில் இன்னும் இருக்கிறது. புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று கேள்வி.

7

மறுநாளே அப்பா கருவிகளைத் தானே கழற்றி, வந்த பெட்டியிலேயே வைத்து, சிக்கந்தர் கடையில் கொடுத்துவிட்டார். ஒன்றுகூட உடையவில்லை, திருகாணிகளைத் தனியாகத் தாளில் மடித்து வைத்திருந்தார் என்று சிக்கந்தர் சொன்னான். "ஆப்ப நம்புனோம், ஆப்பு வாங்குனோம். உனக்கு அங்க, எனக்கு இங்க. மாமா மூஞ்சிய ஒரு வாரம் என்னால பாக்க முடியல மாப்ள."

நான் அலுவலகத்தில் "வாரேன்" என்ற சொல்லைப் போகிற வரிசைக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது, வாசலில் சிலிண்டர்க்காரர் கூப்பிட்டால் அப்பா உள்ளேயிருந்து என்ன சொல்வார் என்று யோசித்தேன். "இந்தா வாரேன்." அப்போது செயலி அவரை வெளியே போய்விட்டார் என்று குறித்துக்கொண்டு, ஃபேனையும் விளக்கையும் அமத்தி, அவரை இருட்டில் நடக்கவிடும். திரும்பி வந்து அந்தச் சொல்லை இரண்டு வரிசையிலிருந்தும் எடுத்துவிட்டேன். எங்கள் செயலிக்கு இப்போது எண்பது சொச்சம் தமிழ்க் கட்டளைகள் தெரியும். "வாரேன்" தெரியாது.

டிராம்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. டிக்கெட் காட்டாததற்கு அபராதம். விளக்கம் இருந்தால் எழுத்தில் தரலாம். தந்தேன், என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த ஜெர்மனில்: என் தந்தை இறந்து கிடப்பதாக அப்போது நம்பினேன், பின்னர் அவர் முடி வெட்டச் சென்றிருந்தது தெரியவந்தது. பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறோம், தகுந்த ஆதாரத்தை இணைக்கவும். வில்லாபுரம் கடையில் ரசீது புத்தகம் கிடையாது. கட்டிவிட்டேன்.

கதவு விஷயம்தான் இன்னும் முடியவில்லை. புதுக் கதவு போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். உடைந்த இடத்தில் பலகை அடித்து, வெளியே ஒரு சாதாரணப் பூட்டுத் தொங்குகிறது. அது நாலு தட்டுத் தட்டினால் வந்துவிடும், அதனால் வீட்டை விட்டுவிட்டு எங்கேயும் வருவதற்கில்லை என்கிறார். விசாவைப் பற்றி நானும் கேட்பதில்லை. தினமும் காலையில் டிராமில் உட்கார்ந்ததும் கை தானாகச் செயலியைத் திறக்கிறது. "கருவிகள் எதுவும் இணைக்கப்படவில்லை" என்ற அட்டை வரும். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நிறம் சாம்பல். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பாவைக் கூப்பிடுகிறேன். சில நாள் எடுக்கிறார். எடுக்காத நாளில் சிக்கந்தரைக் கூப்பிட்டு, "செருப்பு இருக்கா பாரு" என்கிறேன். அவன் போய்ப் பார்த்துச் சொல்வான். இதுவும் கங்காணி வேலைதானே என்று ஒரு நாள் அவனிடம் கேட்டேன். "நான் கேட்டுக்கு வெளிய நின்னுதான் பாக்கேன் மாப்ள" என்றான்.

நடந்ததையெல்லாம் கயலுக்குச் சொன்னேன். எங்கள் ஊர் வார்த்தையை விளக்கினேன், அப்பா பிறந்த தெருவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா வாரேன்னு சொன்னா, வருவாரா, போவாரா?" என்றாள். அவள் கேட்டது தமிழில்.

மீதியைப் போன வாரம்தான் சிக்கந்தர் சொன்னான். பலகை அடிக்கப் போன நாளில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய கவர் கீழே விழுந்ததாம். எடுத்துக் கொடுத்து, என்ன மாமா என்று கேட்டிருக்கிறான். அப்பா சொன்னதை இத்தனை நாளாக என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். போனைச் சார்ஜில் வைத்தார். கதவைத் திறந்து நின்று வீட்டுக்குள் பார்த்து "வாரேன்" என்றார். பூட்டினார். இரண்டு பஸ் மாறி வில்லாபுரம் போய் முடி வெட்டிக்கொண்டார். பக்கத்து ஸ்டூடியோவில் ஜெர்மன் விசாவுக்கு என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கரண்ட் போய்விட்டது. வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, நான்கு படங்களையும் கவரில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். கதவு உடைந்து கிடந்தது.